கார்பன் மாற்றாத ஐந்து வருஷம்

அண்ணா, வணக்கம்.

காவேரிப்பட்டணம் பக்கம் சின்னதாக ஒரு கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். கிரைண்டிங் மெஷின் இரண்டு, மார்பிள் கட்டர், பைப் அறுக்கும் கட்டிங் மெஷின், ஹேமர் டிரில், பேட்டரி டிரில், அப்புறம் ஓடாமல் கிடக்கும் அப்பாவின் பழைய டிரில்லிங் மெஷின். ஐந்து வருஷமாக எதையும் திறந்து பார்த்ததில்லை. ஆயுத பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைப்பதோடு சரி. போன வாரம் ஒரு கிரைண்டரில் கருகல் வாடை வந்து நின்றுவிட்டது. காயில் கட்டுகிற கடையில் “ஆர்மேச்சர் போச்சு, கார்பன் எப்ப மாத்தினே?” என்று கேட்டார்கள். உள்ளே சுற்றுகிற கம்பிச் சுருள் எரிந்திருக்கிறது. கார்பன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் மரவேலையும் செய்கிறவர் என்பதால் கேட்கிறேன். மீதி ஆறையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரி பண்ணிவிடலாமா? எதில் ஆரம்பிக்கட்டும்?

— ஒரு வாசகன், காவேரிப்பட்டணம்

தம்பி,

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியாது. நான் முயன்று தோற்றவன். தர்மபுரியில் வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு ஷெட் உண்டு. எழுத்தில் மூழ்கி இரண்டு வருஷம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். ஒருநாள் திடீரென்று ரோஷம் வந்து, நாலு மெஷினை ஒரே சமயத்தில் கழற்றிப் பழைய பேப்பரில் பரப்பினேன். சாயங்காலம் கரண்ட் போனது. மறுநாள் எல்லாவற்றையும் மூடிய பிறகு ஏழு ஸ்குரூ மிச்சம். ஒரு கார்பன் ஸ்பிரிங்கைக் காணோம், இன்று வரைக்கும். ஒன்றைத் திறந்து, மூடி, ஓடவிட்டுக் கேட்ட பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும்.

நீங்கள் சோம்பேறி என்று நினைத்து வருந்தியிருப்பது கடிதத்தில் தெரிகிறது. பட்டறை நடத்துகிறவன் சோம்பேறியாக இருந்தால் மாசக் கடைசியில் வாடகை கட்ட முடியாது. “ஓடுதில்ல, அப்புறம் என்ன?” என்ற நினைப்புதான் நம் எல்லோரையும் கவிழ்க்கிறது. கார்பன் தேயத் தொடங்கும்போது மெஷின் சத்தம் போடாது, வேகமும் குறையாது. கார்பன் என்பது சுற்றுகிற சுருளுக்குக் கரண்டைக் கொடுக்கிற, ஒரு இஞ்ச் நீளத்துக்கும் குறைவான கரித்துண்டு இரண்டு. பின்னால் ஸ்பிரிங் தள்ள, சுற்றுகிற செம்புப் பட்டைகளை உரசிக்கொண்டே கரையும். குட்டையாகக் குட்டையாக ஸ்பிரிங்கின் அழுத்தம் தளரும். அழுத்தம் தளர்ந்தால் பொறி. பொறி செம்பைக் கருக்கும், கருகிய செம்பு அடுத்த கார்பனை இன்னும் வேகமாகத் தின்னும். பட்டறை விளக்கை அணைத்துவிட்டு, மெஷினைச் சும்மா ஓடவிட்டு, காற்றுத் துளை வழியாகப் பாருங்கள். கார்பன் தொடும் இடத்தில் சின்னதாக நீலப் பொறி இருந்தால் பயமில்லை. செம்பைச் சுற்றி நெருப்பு வளையமாக ஓடினால் அன்றைக்கே நிறுத்த வேண்டும். உங்கள் கிரைண்டர் பல வாரம் அந்த வளையத்தைக் காட்டியிருக்கும். பகல் வெளிச்சத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே ஆரம்பம் இன்னொரு கிரைண்டர். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு பக்கத்து மூடியையும் கழற்றுங்கள். கார்பன் ஐந்தாறு மில்லிமீட்டருக்கு வந்திருந்தாலோ, அதிலேயே போட்டிருக்கும் கோடு வரைக்கும் தேய்ந்திருந்தாலோ மாற்றுங்கள். ஒன்று நன்றாக இருந்தாலும் ஜோடியாகத்தான். ஜோடியின் விலை இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. செம்பு கறுத்திருந்தால் எமரி தாளால் தேய்க்காதீர்கள், அதன் துகள் பட்டைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். புதுக் கார்பனை முதல் பத்து நிமிஷம் இரும்பில் வைக்காமல் சும்மா ஓடவிடுங்கள், செம்பின் வளைவுக்கு அது படிய வேண்டும்.

அடுத்தது தூசி. இதைத்தான் ஆயுத பூஜைத் துணி தொடுவதே இல்லை. போதாக்குறைக்கு நாம் குழைத்து வைக்கிற சந்தனம் காற்றுத் துளையை அடைத்துவிடும். (பொட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. பிடியில் வையுங்கள்.) கிரில் பட்டறைத் தூசி இரும்பு, கரண்டைக் கடத்தும். இந்த மெஷின்களில் பெரும்பாலானவை இரட்டை இன்சுலேஷன் உள்ளவை, சதுரத்துக்குள் சதுரம் போட்டிருக்கும். எர்த் வயர் இல்லாமல் இரண்டு பின்னோடு வருவது அதனால்தான். உள்ளே இரும்புத்தூள் அப்பினால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. மழை நாளில் சுருக்கென்று இழுத்தால் அதற்கு இதுவும் ஒரு காரணம். மார்பிள் கட்டரில் இருப்பது கல் தூசி. பர்கூர், ஜெகதேவி கிரானைட் அறுக்கிறவர்களுக்குத் தெரியும், அது வயரின் வார்னிஷை உப்புத்தாள் மாதிரி உரசி எடுக்கும், நுரையீரலையும் விடாது. தூசி போகக் காற்று அடிப்பதை வாசலில் வைத்துக்கொள்ளுங்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு.

கியர் பெட்டியில் பழைய கிரீஸைத் துணியால் வழித்துவிட்டுப் புதிதாக வையுங்கள், பெட்டி நிறைய அல்ல. அதிகமானது மோட்டாருக்குள் ஒழுகும். மூடியோடு வருகிற பேரிங்கை மண்ணெண்ணெயில் போட்டு அலசினால் உள்ளே இருக்கிற கிரீஸ் போய்விடும். கரகரவென்று சுற்றினால் புதிது போட்டுவிடுவது லாபம்.

டிஸ்க்கையும் பாருங்கள். அறுக்கும் டிஸ்க்கின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி அடித்திருக்கும். நாலு இஞ்ச் டிஸ்க் நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. பெங்களூர் ரோட்டில் எந்தப் பஸ்ஸும் அப்படி ஓடியதில்லை. தேதி தாண்டி, துகளை ஒட்டிப் பிடித்திருக்கும் பிசின் வலுவிழந்த டிஸ்க் உடைந்தால் துண்டும் அதே வேகத்தில் வரும். ஹேமர் டிரில்லுக்கு பிட்டில் மெஷினுக்குள் நுழைகிற அடிப்பகுதியில் பொட்டு கிரீஸ் போதும். பேட்டரியைக் காலியாக்கி மாசக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள்.

இனிமேல் இதை ஆயுத பூஜைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அது தீபாவளிக்கு முன் ஆர்டர் குவிகிற நேரம், பொரி கொடுக்கவே நேரம் இருக்காது. ஆடியில் செய்யுங்கள். அப்போது யாரும் புது வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். மாங்காய்க் காசில் கட்டுகிறவர்களும் ஆவணிக்குத்தான் கிரில் கேட்டு வருவார்கள். வாரம் ஒரு மெஷின்.

அப்பாவின் டிரில்லிங் மெஷின் கடைசி. அதைக் காயலான் கடைக்குப் போடுமுன் கார்பனை மட்டும் கழற்றிப் பாருங்கள். பல சமயம் அது தீர்ந்துதான் நின்றிருக்கும். அந்த அளவு இப்போது கடையில் கிடைக்காவிட்டால், சற்றுப் பெரியதாக வாங்கி, கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை வைத்துத் தேய்த்து, கார்பன் உட்காரும் கூட்டுக்குள் தடங்கலில்லாமல் வழுக்கும் அளவுக்குக் கொண்டுவரலாம். நாலு பக்கமும் சமமாகத் தேயுங்கள். கை நிறையக் கரியாகும்.