நோட்பேட் பிளஸ் பிளஸ் திறந்ததும் பழைய ஃபைலெல்லாம் வந்து நிற்கிறதா?

காரைக்குடியிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்: "எங்கள் கோவில் புள்ளி (கோவில் கணக்கில் ஒரு குடும்பம்) லிஸ்ட்டை நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற டைப் செய்யும் மென்பொருளில்தான் அடிக்கிறேன். திறந்தாலே போன மாசம் பார்த்த இருபது ஃபைலும் வரிசையாக வந்துவிடுகிறது. புது ஃபைலில் தமிழை ஒட்டினால் வெறும் கேள்விக்குறி. திறக்கும்போதே சரியாகத் திறக்க என்ன செய்யணும்?"

ஆச்சி, முதலில் கேள்விக்குறியைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதுதான் ஆபத்து. உங்கள் புது ஃபைல், எழுத்தைச் சேமிக்கும் ஆன்சி என்ற பழைய முறையில் தொடங்குகிறது, அதில் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது. கேள்விக்குறியாக மாறி சேவ் ஆனபிறகு உள்ளே இருந்த பெயர் போனது போனதுதான், எந்த ஃபான்ட் போட்டாலும் திரும்பாது. செட்டிங்ஸ், பிரிஃபரன்சஸ், அதில் நியூ டாக்குமென்ட் பகுதிக்குப் போய் என்கோடிங்கை, அதாவது அந்தச் சேமிக்கும் முறையை, தமிழுக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 என்று மாற்றுங்கள். இனி திறக்கும் எல்லாப் புது ஃபைலும் அப்படியே தொடங்கும்.

அடுத்து அந்த இருபது ஃபைல். அதே பிரிஃபரன்சஸில் பேக்கப் பகுதியில் 'ரிமெம்பர் கரன்ட் செஷன்' என்று ஒரு டிக் இருக்கும், பழைய ஃபைலையெல்லாம் திரும்பக் கொண்டுவருவது அதுதான். எல்லோரும் அதை எடுத்துவிடச் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். நீங்கள் சேவ் செய்யாமல் விட்டதை 7 விநாடிக்கு ஒருமுறை பத்திரப்படுத்துகிற வசதி அந்த டிக்கை நம்பித்தான் இருக்கிறது. பாதி லிஸ்ட்டில் கரன்ட் போனால் அதுதான் காப்பாற்றும்.

அதனால் அதை அப்படியே விட்டுவிட்டு, டெஸ்க்டாப்பில் இன்னொரு ஷார்ட்கட் வைத்துக்கொள்ளுங்கள். அதை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் டார்கெட் என்ற கட்டத்தில் ஒரு நீள வரி இருக்கும். அதன் கடைசியில் மேற்கோள் குறி இருந்தால் அதற்கும் வெளியே, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சின்னக் கோடு போட்டு, கோட்டை ஒட்டினாற்போல் 'நோசெஷன்' (nosession) என்பதை ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஒரே சொல்லாக அடியுங்கள். மேற்கோளுக்கு உள்ளே அடித்தால் வேலை செய்யாது, பலரும் தடுமாறுவது இங்கேதான். இந்த ஐகானில் திறந்தால் வெறும் பக்கம்தான் வரும், பழைய ஐகானில் பழையபடி. இரண்டு விஷயம் மட்டும்: ஏற்கெனவே ஒரு ஜன்னல் திறந்திருந்தால் புது ஐகானும் அதற்குள்ளேயே போய்விடும், அதை மூடிவிட்டுத் திறங்கள். அப்புறம், இந்த வழியில் அந்த 7 விநாடிக் காவல் இல்லை, கன்ட்ரோல் எஸ்ஸை அடிக்கடி அழுத்துங்கள்.

எழுத்து சின்னதாகத் தெரிந்தால் அதே செட்டிங்ஸில் உள்ள ஸ்டைல் கான்ஃபிகரேட்டரில் குளோபல் ஸ்டைல்ஸ், டிஃபால்ட் ஸ்டைல் எடுத்து நிர்மலா யுஐ, அளவு 14 வையுங்கள். விண்டோஸிலேயே இருக்கிற ஃபான்ட்தான், தனியாக இறக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் முழு லிஸ்ட்டையும் ஒட்டிவிடாதீர்கள். ஒரே ஒரு புள்ளியின் பெயரை அடித்து, சேவ் செய்து, மூடித் திறந்து பாருங்கள். வலது பக்கம் கீழே யூடிஎஃப்-8 என்று தெரிந்து, பெயரும் தமிழில் அப்படியே இருந்தால் மற்றதை ஏற்றலாம்.