அவள் ரெசினையே படிக்கட்டும்

போன வாரம் ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்திருந்தது. அப்பா கையில் கல்விக் கடன் விண்ணப்பம். அம்மா சரியாகத் தூங்கிப் பல நாள் ஆனது முகத்திலேயே தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் பையிலிருந்து இரண்டு சாவிக்கொத்துகளை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டும் அவளே ரெசினில், அதாவது ஊற்றி வைத்தால் கெட்டியாகும் பிசின் திரவத்தில், வார்த்தவை, உள்ளே காய்ந்த பூ. ஒன்று கண்ணாடி மாதிரி இருந்தது, இன்னொன்று பழுப்பேறிப்போயிருந்தது. "ஒரே நாள்ல செஞ்சது சார். ஜன்னலோரம் வச்சது மட்டும் ஏன் மஞ்சளாச்சு?" என்று கேட்டாள். "பொழுதன்னைக்கும் இதே வேலைதான் சார்" என்றார் அப்பா. பெரியப்பா, அத்தை, மாமா எல்லோரும் ஒரே குரலில் கணினிப் பொறியியல் என்கிறார்களாம்.

கவலைப்படாதீர்கள், நல்லதே நடக்கும் என்று முதலில் நானும் சொன்னேன். இப்போது அந்த ஆறுதலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஐயா, நீங்கள் கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் உங்கள் மகளைப் பற்றியல்ல, கையிலிருக்கும் அந்த விண்ணப்பத்தைப் பற்றி.

கணினிப் படிப்பைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதற்கு உறவினர்களே போதும். அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவள் வார்த்தது எபாக்ஸி என்ற வகை ரெசின். இன்று தயாராகும் எபாக்ஸி ரெசினில் பெரும்பகுதி பிஸ்பீனால் ஏ, எபிகுளோரோஹைட்ரின் என்ற இரண்டு பொருள்களிலிருந்து வருகிறது. பிஸ்பீனால் ஏ முழுக்கப் பெட்ரோலிய வழி வந்தது. அதிலுள்ள பென்சீன் வளையங்கள், அதாவது ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்த வளையங்கள், வெயிலின் புறஊதாக் கதிரை உறிஞ்சிச் சிதைவதால்தான் ஜன்னலோரச் சாவிக்கொத்து மஞ்சளானது. அதே பிஸ்பீனால் ஏ உடலின் ஹார்மோன் வேலையைக் குழப்பும் என்பதால், உணவைத் தொடும் பொருள்களில் அதற்குத் தடை விதிக்கும் விதியை 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்தது. உணவு டப்பாக்களின் உட்பூச்சில் பல காலமாக இருந்துவந்ததும் பெரும்பாலும் எபாக்ஸிதான். அதற்கு மாற்று கண்டுபிடித்தாக வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும்.

அந்த மாற்று செடியிலும் மரத்திலும் இருக்கிறது. எபிகுளோரோஹைட்ரினை ஏற்கெனவே கிளிசராலிலிருந்து தொழிற்சாலை அளவில் செய்கிறார்கள். தாவர எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுக்கும்போது, எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கிளிசரால் உபரியாகக் கிடைக்கிறது. கடினமான பாதி பிஸ்பீனால் ஏ-வின் இடத்தை நிரப்புவது. சோயா எண்ணெயையும் ஆளிவிதை எண்ணெயையும் எபாக்ஸியாக மாற்றலாம், ஆனால் கெட்டிப்பட்ட பிறகும் அது வளைந்து கொடுக்கும். பாரம் தாங்கும் வேலைக்கு அது மட்டும் போதாது.

எனக்கு மிகவும் பிடித்தது முந்திரிக்கொட்டையின் ஓடு. பருப்பை எடுத்தபின் மிஞ்சும் அந்த ஓட்டில் கையில் பட்டால் கொப்புளிக்க வைக்கும் கருப்பு எண்ணெய் இருக்கிறது. அதைச் சூடாக்கி வடித்தால் கார்டனால் கிடைக்கும். ஒரு பீனால் வளையம், அதன் பின்னால் 15 கார்பன் நீளத்துக்கு ஒரு வால். இதிலிருந்து செய்யும் ஹார்டனர், அதாவது ரெசினோடு கலந்து அதை இறுக வைக்கும் பொருள், குளிரிலும், ஈரம் போகாத பரப்பிலும்கூட இறுகும். அந்த நீண்ட வால் தண்ணீரை அண்டவிடாது. அதனால் கப்பல்களுக்கு அடிக்கும் பூச்சில் இது பல காலமாகப் பயன்படுகிறது. குப்பை என்று ஒதுக்கிய ஓடு கடல் நீரிலிருந்து இரும்பைக் காக்கிறது! ஆனால் அதே வால் ரெசினை இளக வைத்து, அது தாங்கும் வெப்பத்தையும் குறைத்துவிடுகிறது. விறைப்பு வேண்டுமென்றால் மரத்துக்கு விறைப்பு தரும் லிக்னினிலிருந்து கிடைக்கும் வெனிலின் போன்ற, வளையமுள்ள பொருள்களைச் சேர்க்க வேண்டும். எதை எவ்வளவு சேர்ப்பது, எந்த ஹார்டனரோடு, எத்தனை டிகிரியில் என்பதைத் தேடுவதுதான் இந்தத் துறையின் அன்றாட வேலை. இறுகிய எபாக்ஸியை உருக்க முடியாது என்பது இன்னொரு தலைவலி. 2024இல் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம், தாவர மூலத்திலிருந்து பெறக்கூடிய ரெசினில் 9 மீட்டர் காற்றாலை இறக்கையைச் செய்ததாக அறிவித்தது. மெத்தனாலில் சூடாக்கினால் அந்த ரெசின் கரைந்து, இறக்கைக்குள் வலுவுக்காக வைத்த இழைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு வழி வேதியியல் இளநிலை, அப்புறம் பாலிமர் அறிவியலில், அதாவது ரெசின், பிளாஸ்டிக் போன்ற பொருள்களைப் பற்றிய படிப்பில், முதுநிலை. ஐந்து ஆண்டுகள். அதற்குள் கை நிறையச் சம்பளம் வராது, ஆய்வகத்தில் நாற்றம் உண்டு, ஒரே கலவையை நாற்பது முறை செய்ய வேண்டிவரும். பெயிண்ட், ஒட்டுப்பசை, இழையும் ரெசினும் சேர்ந்த கலப்புப் பொருள் நிறுவனங்களில் வேலை இருக்கிறது. தாவர ரெசின் மெதுவாகவே வளர்ந்தாலும், பாலிமர் தெரிந்தவருக்கு இந்த மூன்று இடங்களும் கைவிட்டுப் போகாது.

கடன் விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். அவளுக்கு விருப்பமில்லாத படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். பெரியப்பா சொல்கிறார், சரி, தவணையை அவரா கட்டப்போகிறார்? கட்டணம் குறைந்த ஒரு நல்ல கல்லூரியில் வேதியியல் சேருங்கள். சேரும் முன் அங்குள்ள ஆய்வகத்தைப் பாருங்கள். மாணவர்கள் தாங்களே கருவியைத் தொட்டு வேலை செய்கிறார்களா, தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார்களா என்று கேளுங்கள்.

அவள் மேசையில் வைத்த இன்னொரு பொருளை நீங்கள் கவனிக்கவில்லை. ஒரு பழைய நோட்டு. தேதி, ரெசின் அளவு, ஹார்டனர் அளவு, இறுக எடுத்த நேரம் என்று வரிசையாக எழுதியிருந்தாள். ஒரு பக்கத்தில், "நிறைய கலந்தேன், கப் சூடாகி நெளிஞ்சு போச்சு. கொஞ்சமா ஊத்தினப்ப ஆகல. ஏன்?" யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவள் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறாள். இறுகும்போது வெளிவரும் வெப்பம் மொத்தமாகச் சேர்ந்தால் தப்பிக்க வழியில்லை, அதுதான் விடை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை, கல்லூரியில் அவளே கண்டுபிடிக்கட்டும்.

ஒன்று மட்டும் இன்றே செய்யுங்கள். அவள் வெறுங்கையால் கலக்கிறாள். எபாக்ஸியும் ஹார்டனரும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் அரிக்கும். செடியிலிருந்து வந்த ரெசினுக்கும் இதில் விலக்கு கிடையாது. நைட்ரைல் கையுறை வாங்கிக் கொடுத்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யச் சொல்லுங்கள்.