வாசகர் கேள்வி – பதில்: கறுப்புக் கிரேயானுக்கு என்ன பொருள்?

கேள்வி: ஓவியம் படித்த நான், கலைவழிச் சிகிச்சையில் (ஆர்ட் தெரபி) ஓராண்டுப் பட்டயப் படிப்பை முடித்து, ஒரு சிறப்புப் பள்ளியில் வாரம் இரண்டு நாள் அமர்வு நடத்தி வருகிறேன். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் நான்கு வாரமாகத் தாள் முழுவதையும் கறுப்புக் கிரேயானால் மட்டுமே நிரப்புகிறான். அதற்கு என்ன பொருள் என்று அவன் தாயார் கேட்கிறார். பள்ளியோ ஆண்டு விழாக் கண்காட்சிக்கு அந்தப் படங்களைக் கேட்கிறது. என்ன சொல்வது? என்னைச் ‘சிகிச்சையாளர்’ என்று சொல்லிக்கொள்ளலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: கறுப்பு என்றால் துயரம், சிவப்பு என்றால் கோபம் என்று சொல்லித்தரும் அகராதி எதுவும் நம் துறையில் இல்லை. அந்த மெழுகு தாளில் அழுந்தப் பதிவது அவனுக்குப் பிடித்திருக்கலாம். சொல்லத் தெரியாத அச்சம் ஒன்றை அவன் மூடி வைக்கவும் முயலலாம். எந்த மூலையில் தொடங்குகிறான், கை எங்கே வேகம் பிடிக்கிறது, எந்த இடத்தில் அழுத்தம் கூடித் தாள் கிழிகிறது, முடித்ததும் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறானா என்பதையெல்லாம் கவனித்து, அன்றன்றே தேதியிட்டு எழுதி வையுங்கள். தாயாரிடம், “இப்போதைக்கு எனக்குத் தெரியவில்லை, கவனித்து வருகிறேன்” என்றே சொல்லுங்கள். புதிதாக வருபவர்கள் இதைச் சொல்லத்தான் மிகவும் கூச்சப்படுகிறார்கள். என் முதல் ஆண்டில் ஒரு சிறுமியின் படத்துக்கு அவள் எதிரிலேயே விளக்கம் சொல்லிவிட்டேன். மறுவாரம் அவள் தாளைத் தொடாமலே உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

கண்காட்சிக்குக் கொடுக்காதீர்கள். ஆலோசனை அறையில் ஒருவர் மனம்விட்டுப் பேசியதை எப்படிக் காப்போமோ, அப்படியே காக்க வேண்டிய படங்கள் அவை. விழாவுக்கென்று தனி ஓவிய வகுப்பு வைத்து, அதில் வரைந்தவற்றைப் பள்ளி மாட்டிக்கொள்ளலாம்.

பெயரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். காசநோய்க்காகச் சானடோரியத்தில் இருந்த பிரிட்டிஷ் ஓவியர் ஏட்ரியன் ஹில் 1942இல் ‘ஆர்ட் தெரபி’ என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். இன்று அந்த நாட்டில் உரிய பதிவில்லாமல் ‘ஆர்ட் தெரபிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ள முடியாது. நம் நாட்டில், துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் கலை, நடன, அசைவுச் சிகிச்சையாளர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள். நல்ல தொடக்கம்தான் என்றாலும், அட்டவணையில் பெயர் இருப்பதாலேயே எவருக்கும் தகுதி வந்துவிடாது. ஆகவே பெற்றோருக்குக் கொடுக்கும் குறிப்பில், நீங்கள் படித்த பட்டயத்தையும், யாருடைய மேற்பார்வையில் பணிபுரிகிறீர்கள் என்பதையும் உள்ளபடி எழுதுங்கள்.

மேற்பார்வையாளர் யாரென்று உங்கள் கடிதத்தில் இல்லாததுதான் எனக்குக் கவலை தருகிறது. உங்களுக்குப் பாடம் எடுத்தவர்களில் அனுபவமுள்ள ஒருவரிடம் மாதம் ஒரு மணி நேரமாவது கேளுங்கள்; கட்டணம் கொடுக்க வேண்டியிருந்தாலும் தயங்காதீர்கள். முதல் சந்திப்புக்கு அந்த நான்கு வாரத் தாள்களையும் தேதி வரிசையில் அடுக்கி, உங்கள் குறிப்பேட்டோடு எடுத்துச் செல்லுங்கள். பையனின் பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள்.