“வேலையில் இருக்கும்போதே லோன் வாங்கிவிடு” என்கிறான் தம்பி

கேள்வி: எனக்கு 42 வயது. திருப்பூரில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பையிங் அலுவலகத்தில் காம்ப்ளயன்ஸ் (ஃபேக்டரிகள் விதிப்படி நடக்கின்றனவா என்று பார்க்கும்) பிரிவில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 1,18,000 ரூபாய். வேலையை விட்டுவிட்டு, சின்ன பனியன் கம்பெனிகளை பையர் ஆடிட்டுக்கு (துணி வாங்கும் நிறுவனம் நடத்தும் சோதனைக்கு) தயார் செய்யும் ஆலோசகராகப் போக ஆசை. 5 யூனிட்கள் மாதம் தலா 15,000 தருவதாகச் சொல்கிறார்கள். கணவர் தனியார் கல்லூரி விரிவுரையாளர், சம்பளம் 38,000. வீட்டுக் கடன் தவணை 31,000. பல்லடத்தில் பேக்கரி வைக்க என் தம்பிக்காக 14 மாதங்களுக்கு முன் 14% வட்டியில் 12 லட்சம் பர்சனல் லோன் எடுத்தேன், தவணை 27,900. முதல் 4 மாதம் கொடுத்தான், பிறகு இல்லை. வீட்டுச் செலவு 48,000, பள்ளிக் கட்டணம் மாதத்துக்கு 14,000, அம்மாவின் மருந்துக்கு 6,000. எஃப்டி 7 லட்சம், பிஎஃப் 19 லட்சம் இருக்கிறது. இப்போது தம்பி, “வேலையில இருக்கறப்பவே வீட்டு லோன் மேலேயே இன்னொரு 15 லட்சம் டாப்-அப் வாங்கிரு அக்கா, அப்புறம் எந்த பேங்க்காரன் உனக்குக் குடுப்பான்?” என்கிறான். காங்கேயம் ரோட்டில் இரண்டாவது கிளைக்குப் பாதி, என் அலுவலகத்துக்கும் காருக்கும் பாதி. பிஎஃப் பணத்தை எஸ்டபிள்யூபி-யில் (ஃபண்டில் போட்டு மாதாமாதம் ஒரு தொகை எடுக்கும் முறை) போட்டால் மாதச் சம்பளம் போல வரும் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். எப்போது ராஜினாமா செய்யலாம்?

பதில்: ஜிஎஸ்டி, டிடிஎஸ் பற்றியெல்லாம் உங்களுக்கு வகுப்பெடுக்கப் போவதில்லை. ஃபேக்டரிகளின் சம்பளப் பதிவேட்டையும் ஓவர்டைம் கணக்கையும் 11 ஆண்டுகளாகப் புரட்டிப் பார்த்தவர் நீங்கள். கடிதத்தில் என்னை நிறுத்தியது தம்பி சொன்ன அந்த ஒரு வரிதான்.

அவன் சொன்னது பொய்யில்லை. வேலையை விட்டபின் வங்கி உங்களுக்கு லேசில் கடன் தராது. ஏன் தராது? அடுத்த மாதம் உங்கள் கையில் எவ்வளவு வரும் என்று அதற்குத் தெரியாது. வங்கியே தயங்கும் நிலைக்குப் போகப்போகிறீர்கள், போவதற்கு முந்தின வாரம் 15 லட்சத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்கிறான். உங்கள் சம்பளச் சீட்டு எப்போதோ குடும்பச் சொத்து ஆகிவிட்டது. முதல் தடவை நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள், 4 தவணைக்குப் பிறகு 10 தவணையை, அதாவது 2,79,000 ரூபாயை, நீங்களே கட்டினீர்கள். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு கோபமும் இல்லை. “பிறகு இல்லை” என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். பர்சனல் லோன் இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக்கு மாதம் 99,000 வேண்டும். கணவரின் 38,000 போக நீங்கள் கொண்டுவர வேண்டியது 61,000. லோனைச் சேர்த்தால் 88,900. டாப்-அப் 15 லட்சத்தை 9.5% வட்டியில் 15 ஆண்டுக்குப் போட்டால் தவணை சுமார் 15,700, ஆக 1,04,600. உங்கள் 5 யூனிட்களும் சொன்ன தேதியில் சொன்ன பணத்தைக் கொடுத்தாலும் வருவது 75,000. முதல் கணக்கில் தொழில் நடக்கும், மற்ற இரண்டிலும் நடக்காது. வித்தியாசம் உங்கள் திறமையில் இல்லை, பல்லடத்தில் இருக்கிறது.

அந்த 75,000-ஐயும் நான் நம்ப மாட்டேன். ஐந்தில் மூன்று யூனிட் நிலைத்தாலே நல்ல தொடக்கம். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50% வரி போட்டதே, அப்போது ஆர்டர் நின்ற யூனிட்கள் முதலில் எந்தச் செலவை நிறுத்தினார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே முதல் 3 மாதம் வரவு பூஜ்யம், அடுத்த 9 மாதம் 45,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்கும் சொந்த மருத்துவக் காப்பீட்டுக்கும் மாதம் 7,500 சேர்த்தால் தேவை 68,500. முதல் ஆண்டில் துண்டு விழுவது சுமார் 4.2 லட்சம். பர்சனல் லோனோடு போனால் 7.5 லட்சம். டாப்-அப்பும் சேர்ந்தால் 9.4 லட்சம். உங்கள் எஃப்டி 7 லட்சம். வேலையை விடும்போது நிறுவனம் தரும் கிராஜுவிட்டி, அடிப்படைச் சம்பளம் 52,000 என்று நான் ஊகித்தால், 3.3 லட்சம். மொத்தம் 10.3 லட்சத்தில் ஒரே ஆண்டில் 9.4 காலி. மறு ஆண்டு ரெஸ்யூமை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போய் நிற்பீர்கள்.

அதனால் இன்னும் ஒரு வருடம் இருங்கள். கேட்கக் கசக்கும், தெரியும். இப்போது எல்லாம் போக மாதம் 29,000 மிஞ்சுகிறது, அதைத் தொடாமல் வைத்தால் 12 மாதத்தில் 3.5 லட்சம். அதற்குள் லோன் பாக்கி 7.8 லட்சத்துக்கு இறங்கியிருக்கும். தம்பி மாதம் 20,000 கொடுத்தால் 2.4 லட்சம். மீதி 1.9 லட்சத்தை எஃப்டியிலிருந்து எடுத்து லோனை அடைத்துவிடலாம். முன்கூட்டி அடைக்கக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் இப்போதே வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் ஒரு பைசா கொடுக்காவிட்டாலும் எஃப்டியிலிருந்து 4.3 லட்சம் போகும், 2.7 மிஞ்சும். கிராஜுவிட்டி அதற்குள் 3.6 ஆகியிருக்கும். 6.3 லட்சம் கையில், துண்டு 4.2. தம்பியை நம்பாமலும் கணக்கு நிற்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான்.

பேக்கரி உண்மையிலேயே ஓடுகிறதா என்று அறிய எளிய வழி இருக்கிறது. இரண்டாவது கிளைக்கு அவனையே அவன் பெயரில் முத்ரா கடனுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். டீயும் பஃப்ஸும் விற்ற காசு கியூஆர் கோடு வழியாக அவன் கணக்கில்தான் விழுகிறது, மேனேஜர் ஒரு வருட ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவனுக்குக் கொடுக்க அவர் யோசித்தால், நீங்களும் யோசிக்க வேண்டிய நேரம். ஜாமீன் கையெழுத்து கேட்பான். போடாதீர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு.

எஸ்டபிள்யூபி ஏஜென்ட்டுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். 19 லட்சத்தை பங்குச் சந்தை ஃபண்டில் போட்டு மாதம் 19,000 எடுக்கலாம் என்பார். முதல் ஆண்டே சந்தை 30% விழுந்தால் (2020 மார்ச்சில் இரண்டே மாதத்தில் அதைவிட அதிகம் விழுந்தது) 19 லட்சம் 13.3 ஆகும், நீங்கள் எடுத்த 2.28 போக 11. அதன்பின் அதே 19,000-ஐ எடுக்க ஆண்டுக்கு 20%-க்கு மேல் வளர வேண்டும். பிஎஃப் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். 2024-25-க்கு 8.25% வட்டி கொடுத்தார்கள், வேலையை விட்டபின்னும் வட்டி வரும், அந்த வட்டிக்கு வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

காரும் அலுவலகமும் இப்போது எதற்கு? வேலை நடப்பது யூனிட்களின் கட்டிங் செக்‌ஷனில். அவிநாசி ரோட்டில் கண்ணாடி கேபின் எடுத்தால் அதில் உட்காரவே உங்களுக்கு நேரம் இருக்காது. அதைவிட முக்கியம் பணம் வாங்கும் முறை. ஆடிட்டுக்கு முந்தின வாரம் ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்கிற ஓனர், சான்றிதழ் கைக்கு வந்தபின் “சீசன் முடியட்டும் மேடம்” என்பார். பாதிப் பணம் வேலை தொடங்கும் முன், மீதி ஆடிட் தேதிக்கு முன். உத்யம் (சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்துகொண்டு, 45 நாளுக்குள் பணம் என்று எழுத்தில் வாங்குங்கள். குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணம் அந்தக் கெடுவைத் தாண்டினால், கொடுக்கும் வரை அதைச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது என்பது ஓனருடைய ஆடிட்டருக்குத் தெரியும். அம்மாவுக்கான பாலிசியையும் இந்த ஒரு வருடத்திலேயே எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 3 ஆண்டு வரை போகலாம், அது ஓடத் தொடங்கட்டும்.

தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. தையல் லைனில் ஊசி உடைந்தால் என்ன செய்வீர்கள்? உடைந்த துண்டு எல்லாம் கிடைக்கும்வரை மெஷினை ஓட்டவிடாமல், துண்டுகளைப் பதிவேட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டி, தேதி எழுதிக் கையெழுத்து வாங்குவீர்கள். அதே மாதிரி ஒரு நோட்டு வாங்குங்கள். அம்மா முன்னால் உட்கார்ந்து, இதுவரை யார் எவ்வளவு கட்டியது என்று எழுதி அவன் கையெழுத்தையும் வாங்குங்கள். முதல் பக்கத்தில் அவன் கொடுத்த 4 தவணை, 1,11,600 ரூபாய், முதலில் வரட்டும். அடுத்த வரியில் உங்கள் 2,79,000.