பேர் வைத்துக் கூப்பிட்டால் அது வீட்டு ஆள்தான்

கால்நடை மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. நாயையும் பூனையையும் குடும்பத்தில் ஒருவராக நினைக்கலாமா, நினைத்தால் எதுவரை? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மகனும் மருமகளும் ஒரு லேப்ரடார் வளர்க்கிறார்கள். அதற்குப் பிறந்தநாள், கேக், புதுச்சட்டை எல்லாம் உண்டு. என்னைக் காட்டி "பாட்டிகிட்ட போ" என்கிறார்கள். என் மனசுக்கு ஒப்பவில்லை. என் பிறந்த வீட்டிலும் மாடு கன்று உண்டு. லட்சுமி என்ற பசு செத்தபோது அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனாலும் எல்லாம் தொழுவத்தோடு சரி. இது என்ன புதுப் பழக்கம்?
— வாசகி, திருச்சி

அம்மா, பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இரண்டு நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த உங்கள் அப்பா, லட்சுமியைப் பால் கறக்கும் மாடாக மட்டும் நினைத்திருப்பாரா? பேர் வைத்து, பொங்கலுக்குக் குளிப்பாட்டிக் குங்குமம் வைத்து, பிரசவத்துக்கு ராத்திரி லாந்தரோடு கூடவே இருந்து பார்த்த உயிர் அது. தென் மாவட்டங்களில் கன்னி என்ற நாட்டு இன நாயைக் கல்யாணப் பெண்ணோடு சீதனமாக அனுப்பும் வழக்கம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். பாசம் பழசுதான், இடம்தான் மாறியிருக்கிறது. தொழுவத்திலும் திண்ணையிலும் இருந்தது இப்போது ஹாலுக்கு வந்துவிட்டது, உங்களுக்கு உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

மருமகளின் பாசத்தை வேஷம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானில் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நாயும் வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டால் இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்று கண்டார்கள். தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது சுரக்கும் அதே ஹார்மோன். மனிதர்கள் வளர்த்த ஓநாய்களிடம்கூட அவர்களால் இதைப் பார்க்க முடியவில்லை.

மகனுக்கும் மருமகளுக்கும் சொல்ல வேண்டியது வேறு. நாலு வயது லேப்ரடார் ஒன்றை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள், தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. எடை மிஷினில் நிறுத்தினால் 46 கிலோ. 30-ஐ ஒட்டி இருக்க வேண்டிய உடம்பு. பின்னங்கால் இரண்டும் தரையில் வழுக்கிக்கொண்டே போக, எழுந்து நிற்க முடியாமல் என் கையை நக்கியது. தினமும் ராத்திரி ஐஸ்கிரீம், பிஸ்கட். கொடுக்காவிட்டால் அது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறது என்று அந்த வீட்டுப் பெண் அழுதார். பாசத்தில்தான் செய்தார், சந்தேகமே இல்லை, ஆனால் வலியை அனுபவித்தது நாய். குடும்பத்தில் ஒருவர் என்றால் அவருக்கு எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்து வைத்திருப்போம் இல்லையா? அப்பாவுக்குச் சர்க்கரை என்றால் லட்டை ஒளித்து வைக்கிறோம். நாய்க்கு சாக்லேட் கேக் விஷம். உடம்பு முழுக்க வியர்த்துச் சூடு தணிக்க அதற்கு வராது, பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் ஆக வேண்டும், அதற்கு மேல் திருச்சி வெயிலில் ஒரு சட்டையையும் மாட்டினால் என்ன ஆகும்? பிறந்தநாளன்று சட்டை வாங்கும் காசுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, சாயங்காலம் ஒரு மணி நேரம் மண்ணை மோந்துகொண்டே நடக்க விடச் சொல்லுங்கள்.

"பாட்டி" பிடிக்கவில்லை என்றால் மருமகளிடம் நேராகச் சொல்லுங்கள், தப்பே இல்லை. நாய்க்கு அந்த உறவுமுறை வேண்டாம், உங்கள் காலடிச் சத்தம் போதும்.

கேள்வி: எட்டாவது மாடியில் இருக்கிறோம். நாயை லிப்டில் ஏற்றக் கூடாது என்று அசோசியேஷன் கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். என்ன செய்வது?
— வாசகர், சென்னை

அந்தத் தீர்மானம் செல்லாது. எத்தனை பேர் கை தூக்கினாலும் குடியிருப்புச் சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிப்டையும் மறுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதனால் வாரியத்தின் அந்த வழிகாட்டுதலை அச்செடுத்துச் செயலாளரிடம் மரியாதையாகக் கொடுங்கள். கூடவே மாநகராட்சி உரிமம், தடுப்பூசிப் புத்தகம் இரண்டையும் காட்டுங்கள். லிப்டில் கயிற்றைக் கைக்குள் சுருக்கிப் பிடியுங்கள், நாய்க்குப் பயப்படுகிற குழந்தை நின்றால் அடுத்த லிப்டில் போங்கள், கீழே அசுத்தம் செய்தால் நீங்களே அள்ளுங்கள். சண்டை பாதி அங்கேயே தணிந்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டு நாய் விளையாடும்போது மகன் கையில் பல் பட்டு லேசாக ரத்தம் வந்தது. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம். அத்தை மஞ்சள் வைத்துக் கட்டினார். நம்ம வீட்டு நாய்தானே, பையனுக்கும் ஊசி வேண்டுமா?
— வாசகி, விழுப்புரம்

கடிதம் எப்போது எழுதினீர்கள் என்று தேதியைத்தான் முதலில் பார்த்தேன். இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று அன்றே உங்களுக்குத் தகவல் சொல்லச் செய்தோம், இப்போது எழுதுவது மற்றவர்களுக்காக. நம்ம வீட்டு நாய் என்ற பாசத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாத ஒரே இடம் இதுதான். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். பல் பட்டு ரத்தம் வந்தால் குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்யமாக வைத்து, அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள் என்று வரும். காயத்தைப் பார்த்து, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டுமா என்பதை அங்கேயே முடிவு செய்வார்கள். நாயை 10 நாள் கவனியுங்கள், அதன் தடுப்பூசிப் புத்தகத்தையும் எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் ஊசி, அப்புறம் யோசனை.

கேள்வி: மூன்று மாதக் கர்ப்பம். ஐந்து வருடமாக என்னோடு இருக்கும் பூனையை எங்காவது விட்டுவிடச் சொல்லி வீட்டில் நெருக்குகிறார்கள். பூனையால் கரு கலையும் என்கிறார்கள். உண்மையா?
— வாசகி, மதுரை

பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, ஆனால் அதற்கு மருந்து பூனையை விரட்டுவது இல்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வரலாம், கர்ப்ப காலத்தில் முதல்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம், அதுவரை உண்மை. மீதியையும் கேளுங்கள். எலி, பறவை, பச்சை இறைச்சி தின்று முதன்முதலில் தொற்றும்போதுதான் பூனை அந்தக் கிருமியை வெளியேற்றும், அதுவும் பெரும்பாலும் சில வாரங்கள்தான். வெளியே வந்த கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். ஆக, மணல் தட்டை ஒவ்வொரு நாளும் சுத்தம் செய்துவிட்டால் ஆபத்து பெருமளவு போய்விடும், அந்த வேலையை உங்கள் கணவர் செய்யட்டும். பூனையை வெளியே விடாதீர்கள், அதற்குச் சமைத்த சாப்பாடு மட்டும் போடுங்கள். நீங்களும் சரியாக வேகாத கறியைச் சாப்பிடாதீர்கள், கீரை காய்கறியை நன்றாகக் கழுவுங்கள், தோட்டத்து மண்ணில் கை வைத்தால் சோப்புப் போடுங்கள். இந்தக் கிருமி பூனை இல்லாத வீட்டுக்கும் அந்த வழிகளில் வரும். மகப்பேறு மருத்துவரிடம் பூனை வளர்ப்பதைச் சொல்லி ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். ஐந்து வருடம் மடியில் தூங்கிய பூனையைச் சந்தை ஓரத்தில் இறக்கி விட்டால் அது ஒரு வாரம் தாங்காது. அப்படிக் கைவிடுவது சட்டப்படியும் குற்றம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். நாய்க்கும் பூனைக்கும் நாங்கள் சாப்பிடுவதையே, தயிர் சாதம், சாம்பார் சாதம், போடுகிறோம். குடும்பத்தில் ஒருவர்தானே? ஆனால் நாய்க்கு முடி கொட்டுகிறது.
— வாசகர், கும்பகோணம்

முடி கொட்டுவதற்கு உண்ணி, தோல் நோய் என்று பல காரணம் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆனால் தயிர் சாதத்தில் அதற்குப் புரதம் போதாது என்பது நிச்சயம். நாய் ஓரளவு சமாளிக்கும். முட்டையாவது கொடுக்க மனம் வந்தால் நல்லது, இல்லையென்றால் பருப்பு, பனீர் என்று கணக்குப் போட்டு மருத்துவரிடம் ஒரு பட்டியல் வாங்குங்கள். பூனையால் முடியாது. டாரின் என்ற சத்தை அதன் உடம்பால் வேண்டிய அளவு தயாரிக்க முடியாது, இறைச்சி மீனிலிருந்துதான் வர வேண்டும், இல்லாவிட்டால் மெல்ல மெல்லக் கண் போகும், இருதயம் பழுதாகும். வீட்டில் கறி சமைக்க வேண்டாம், கடையில் விற்கும் பூனைத் தீவனம் போதும். உங்கள் விரதம் உங்களுடையது, பூனையின் வயிறு வேறு.

சாம்பாரை இன்றே நிறுத்துங்கள். அந்தச் சின்ன வெங்காயம் நாய், பூனை இரண்டின் ரத்த அணுக்களையும் உடைக்கும். பூண்டும் அப்படித்தான். பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காய்ச்சல் என்று நாமாகவே பாராசிட்டமால் கொடுப்பதும் வேண்டாம், பூனைக்கு ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். மனைவி போய் இரண்டு வருடம். அவள் வளர்த்த பொமரேனியனுக்குப் பதின்மூன்று வயது, சிறுநீரகம் போய்விட்டது. ஊசி போட்டு முடித்துவிடலாம் என்கிறார் மருத்துவர். அது கொலை ஆகாதா?
— வாசகர், நாகர்கோவில்

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த நாயோடு உங்கள் மனைவியின் கடைசி அடையாளமும் போய்விடும் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரிக்கு வரி அது இருக்கிறது.

கொலை இல்லை ஐயா. மயக்க மருந்தை அளவு கூட்டி நரம்பில் செலுத்துவோம். முதலில் தூக்கம், அப்புறம் மூச்சு நிற்கும், பிறகு இருதயம், எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதை எப்போது செய்வது என்பதுதான் கஷ்டம், அவசரப்பட்டும் செய்யக் கூடாது, நம் மனசு தாங்காது என்பதற்காகத் தள்ளிப்போடவும் கூடாது. சுவரில் மாட்டிய தினசரி காலண்டரில் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு குறி போடுங்கள். தானாக எழுந்ததா, ஒரு வாயாவது விரும்பிச் சாப்பிட்டதா, வாந்தி இல்லாமல் இருந்ததா, நீங்கள் கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்ததா என்று யோசித்து, நல்ல நாளா கெட்ட நாளா என்று மட்டும் எழுதுங்கள். தோலுக்கடியில் குளுக்கோஸ் மாதிரி திரவம் ஏற்றினால் சில நாய்களுக்குக் கொஞ்ச காலம் சுகமாகப் போகும், அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். கெட்ட நாட்கள் வரிசையாக வந்துவிட்டால் விடை கொடுக்கச் சொல்லி அது உங்களிடம் கேட்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்கு நீங்கள் அறையை விட்டு வெளியே போகாதீர்கள். ஒருவர் என் மேஜை அருகே குனிந்து, தினமும் காலையில் சொல்லும் அதே "வாக்கிங் போலாமா"வை மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார். துண்டுக்கு அடியில் வால் இரண்டு முறை அசைந்தது. மருந்து ஏற்றிக்கொண்டிருந்த என் கை அப்படியே ஒரு நொடி நின்றது. உங்கள் நாய்க்கு உங்கள் மனைவியின் பழைய புடவை ஒன்று இருந்தால் அதன் மேல் படுக்க வையுங்கள், அந்த வாசனை அதற்குத் தெரியும். பணத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பென்ஷனில் முடிந்ததைச் செய்திருக்கிறீர்கள், டயாலிசிஸ் வரை போகவில்லையே என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் மணி செத்துப்போச்சு. நான் அழுததற்கு நண்பர்கள் "வெறும் நாய்தானே" என்று சிரிக்கிறார்கள். அதைப் புதைத்த இடத்தில் கல் வைக்கலாமா?
— மாணவன், அரூர்

தாராளமாக வைக்கலாம் தம்பி. உங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே ஒரு நடுகல், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, ஆயிரத்து நானூறு வருடப் பழசு. எருமைகளைக் காப்பாற்றச் சண்டை போட்டுச் செத்த ஒரு வீரனுக்காக எடுத்த கல். அவன் உருவத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் நாயின் பேரைக்கூட விட்டுவிடவில்லை பார்த்தாயா? அப்பாவோடு ஒருநாள் போய் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வா, நண்பர்களையும் கூட்டிப்போ.

மணியைப் புதைத்த குழி மூன்றடியாவது ஆழமாக இருக்கிறதா, கிணற்றுக்குத் தள்ளி இருக்கிறதா என்று மட்டும் அப்பாவைப் பார்க்கச் சொல். கல்லில் ஆணியால் எழுதினால் மழையில் மங்கிவிடும். பெயிண்ட் கடையில் எனாமல் பெயிண்ட் சின்ன டப்பா வாங்கி, பேரைப் பெரிசாக எழுது.