126 கேட்டு 36 வாங்கிய கதை: கருத்தரங்கம் தயாரிக்கும் தம்பிக்கு

தம்பி, இந்திய விமானப்படைக்காக 126 போர் விமானங்களுக்கு டெண்டர் விட்டுவிட்டு, பிரான்சின் ரஃபேல் விமானங்கள் 36 மட்டும் ஏன் வாங்கினார்கள், கருத்தரங்கத்தில் ஒரே வரியில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ஒரே வரி என்றால் சண்டைதான் வரும். கதையாகச் சொல்லுங்கள்.

டெண்டர் விட்டது 2007இல். ஆறு விமானங்களைப் பறக்கவிட்டுச் சோதித்து, குறைந்த விலை என்று ரஃபேல் முந்தியது 2012 ஜனவரியில். ஐந்து வருஷம் அதிலேயே போச்சு! பிறகுதான் உண்மையான முடிச்சு. 18 விமானங்கள் பிரான்சிலிருந்து நேராக வரும், மீதி 108ஐ அரசு விமான நிறுவனமான ஹெச்ஏஎல் இங்கே கட்டும். அந்த 108க்கு யார் பொறுப்பு? ஹெச்ஏஎல் பெங்களூரில் கட்டியதற்கு, ரஃபேலைத் தயாரிக்கும் டஸ்ஸோ உத்தரவாதம் தர மறுத்தது. போதாக்குறைக்கு, பிரான்சில் ஆகும் மனித உழைப்பு நேரத்தைப்போல 2.7 மடங்கு இங்கே ஆகும் என்று கணக்கு வந்தது. விலை எங்கே நிற்கும்? 2015இல் 36 என்று அறிவித்து, 2016 செப்டம்பரில் கையெழுத்து. விலை, ஆஃப்செட் (விற்பவர் ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கை இந்தியாவிலேயே செலவிட வேண்டும் என்ற நிபந்தனை) சர்ச்சையைத் தொட்டால் அரை மணி நேரமும் அதற்கே போய்விடும். ஒரு ஸ்லைடு போதும்.

உள்நாட்டிலேயே செய்தால் தீராதா என்று யாராவது கேட்பார்கள். 2021இல் ஹெச்ஏஎல் கட்டும் உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸ் மார்க் 1ஏ 83க்கு ஒப்பந்தம் போட்டாயிற்று. ஆனால் அதற்கான எஃப்404 எஞ்சின் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும்; முதல் எஞ்சின் கைக்கு வந்ததே 2025 மார்ச்சில். அதே ஆண்டு செப்டம்பரில், தேஜஸ் இடம் பிடிக்க வேண்டிய பழைய மிக்-21 போர் விமானங்களுக்கு விடை கொடுத்தாகிவிட்டது. இந்த இரண்டு தேதிகளையும் ஒரே ஸ்லைடில் போடுங்கள்.