லாபம் கொட்டுது, ஆனா ஆளை ஏன் தூக்குறாங்க? லேஆஃப் பத்தி நீங்க கேட்டதுக்கு பதில்கள்

டெக் கம்பெனிகள்ல பட்ஜெட் போடுற பக்கம் ரொம்ப வருஷம் உட்கார்ந்தவன்ங்கறதால இந்த விஷயத்துல எனக்கு கேள்வி நிறைய வருது, ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் சேர்த்துட்டேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். கஷ்டத்துல இருக்கற கம்பெனி வேற, லேஆஃப் பண்ற கம்பெனி வேற. சில நேரம் ரெண்டும் ஒண்ணா இருக்கும், பல நேரம் இருக்காது. இதைப் போட்டு குழப்பிக்கறதுலதான் பாதி கேள்வியே வருது.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் மாதிரி கம்பெனி லாபத்துல கொழிக்குது. அப்புறமும் ஏன் ஆயிரக்கணக்குல ஆளை அனுப்புறாங்க? பேராசை தானே?

பேராசைன்னு திட்டிட்டுப் போறது ஈஸி, ஆனா கணக்கு எப்படி ஓடுதுன்னு பாருங்க. 2025 ஜூன்ல முடிஞ்ச நிதியாண்டுல அவங்க நிகர லாபம் 100 பில்லியன் டாலருக்கு மேல. அதே 2025ல மே மாசம் சுமார் 6,000 பேர், ஜூலைல சுமார் 9,000 பேர் வெளிய. இன்னொரு பக்கம் அந்த நிதியாண்டுல ஏஐ டேட்டா சென்டர்களுக்கு சுமார் 80 பில்லியன் போடப்போறோம்னு ஜனவரிலயே அறிவிச்சுட்டாங்க. இந்த செலவு ஒரே வருஷத்துல கணக்குல ஏறாது, தேய்மானம்னு வருஷா வருஷம் லாபத்தை அரிச்சுக்கிட்டே இருக்கும். சந்தை பார்க்கறது மொத்த லாபத்தை மட்டும் இல்லீங்க, 100 டாலருக்கு வித்தா அதுல எத்தனை டாலர் கைல நிக்குது, போன தடவையை விட குறைஞ்சுடுச்சான்னும் பார்க்கும். அது குறையாம காட்டணும்னா எங்கயாவது கை வைக்கணும், சிப் ஆர்டரை நிறுத்தினா ஏஐ ரேஸ்ல பின்னாடி போயிடுவோம்னு பயம், கட்டிடம் ஏற்கனவே பாதி எழும்பிடுச்சு, அப்ப சீக்கிரமா குறைக்கக்கூடிய பெரிய தொகைன்னு மிச்சம் இருக்கறது சம்பளம்தான்.

நான் இருந்த மீட்டிங்குகள்ல யாரும் "இந்த வேலை நமக்குத் தேவையா"ன்னு ஆரம்பிச்சு நான் பார்த்ததில்ல. "இவ்ளோ தொகை குறையணும்"னுதான் ஆரம்பிக்கும். எந்த வேலை தேவையில்லைங்கறதை அதுக்கப்புறம்தான் தேடுவாங்க.

கேள்வி: கொரோனா நேரத்துல கண்ணை மூடிட்டு ஆள் எடுத்தாங்களே, இவ்ளோ பெரிய படிப்பு படிச்சவங்களுக்கு இது கூடவா தெரியாது?

தெரியும். ஆனா அப்போ எடுக்காம சும்மா இருந்தாலும் ஆபத்துன்னு நினைச்சாங்க. 2020 மார்ச்ல அமெரிக்க ஃபெட் (அவங்க மத்திய வங்கி) வட்டியை கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் கொண்டு வந்துடுச்சு, கடன் சல்லிசா கிடைக்குது, ஜனங்க வீட்டுக்குள்ள உட்கார்ந்து எல்லாத்தையும் ஆன்லைன்ல பண்றாங்க, இது இப்படியே தொடரும்னு எல்லாரும் கோடு போட்டுட்டாங்க. நாம எடுக்கலைன்னா போட்டிக் கம்பெனி எடுத்துடும்ங்கற பதட்டம் வேற. ஃபேஸ்புக்கோட கம்பெனி மெட்டால 2019 கடைசில சுமார் 45,000 பேர், 2022 செப்டம்பர்ல 87,000 பேர். மூணு வருஷம் கூட முழுசா ஆகலை!

2022 மார்ச்ல வட்டி ஏற ஆரம்பிச்சு 2023 ஜூலைல 5.25 - 5.5 சதவீதத்துக்கு வந்து நின்னுச்சு. வட்டி ஏறினா பத்து வருஷம் கழிச்சு வரப்போற லாபத்துக்கு இன்னைக்கு இருக்கற மதிப்பு சரிஞ்சுடும். டெக் கம்பெனி ஷேரெல்லாம் அந்த மாதிரி தூரத்து லாபத்தை நம்பித்தான் ஏறியிருந்துச்சு, அதனால அடியும் அங்கதான் பலமா விழுந்துச்சு. மெட்டா 2022 நவம்பர்ல 11,000 பேர், 2023 மார்ச்ல இன்னொரு 10,000 பேர்னு அனுப்பினாங்க. ஸக்கர்பெர்க் இது என் கணிப்புத் தப்புன்னு வெளிப்படையா சொன்னாரு, ஆனா வேலை போனது அவருக்கு இல்லையே. ஜூம் கம்பெனி சிஇஓ 2023ல 1,300 பேரை அனுப்பறப்போ தன்னோட சம்பளத்தையும் அந்த வருஷம் 98 சதவீதம் குறைச்சுக்கிட்டாரு, அப்படி செஞ்சவங்க ரொம்பக் கம்மி.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா 2023ல மெட்டா ஷேர் கிட்டத்தட்ட மூணு மடங்கு ஆச்சு. அதுக்கு விளம்பர வருமானம் திரும்பினதும் காரணம்தான், ஆனா மத்த கம்பெனி போர்டு மெம்பர்ஸ் மண்டைல "ஆளைக் குறைச்சா ஷேர் ஏறுது"ன்னு மட்டும்தான் பதிஞ்சிருக்கும்னு நான் நினைக்கறேன். ஆப்பிள் 2019ல 1,37,000 பேர், 2022ல 1,64,000 பேர், நிதானமா ஏத்தினாங்க. அதனாலதான் மத்தவங்க கொத்து கொத்தா அனுப்பினப்போ அவங்களுக்கு அந்த நிலைமை வரலை.

அமெரிக்கால வரி விஷயமும் ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி யாரும் பெருசா பேசறதில்ல. ஆராய்ச்சி, சாஃப்ட்வேர் டெவலப்மென்ட் செலவை (அதுல இன்ஜினியர் சம்பளமும் சேர்த்தி) அந்தந்த வருஷமே முழுசா கழிச்சுக்கலாம்னு இருந்துச்சு, 2022ல இருந்து அஞ்சு வருஷமா பிரிச்சுத்தான் கழிக்கணும், வெளிநாட்டுல பண்ண வேலைன்னா 15 வருஷம்னு ஆயிடுச்சு. கைல காசே இல்லாத சின்ன கம்பெனி கூட "லாபம்" காட்டி வரி கட்ட வேண்டிய நிலைமை. உள்நாட்டு வேலைக்கு மட்டும் 2025 ஜூலைல பழையபடி மாத்தினாங்க.

கேள்வி: ஏஐ வந்துதான் வேலை போகுதா, இல்ல சும்மா சாக்கு சொல்றாங்களா?

ரெண்டும் இருக்கு, ஆனா சாக்குதான் அதிகம்னு என் அபிப்பிராயம். "அதிகமா ஆள் எடுத்துட்டோம்"னு சொன்னா நிர்வாகம் தப்பு பண்ணிடுச்சுன்னு அர்த்தம் ஆகுது, "ஏஐயால திறன் கூடிடுச்சு"ன்னு சொன்னா அதே லேஆஃப் சாதனையா மாறிடுது, எதைச் சொல்லுவாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. க்ளார்னான்னு ஒரு ஆன்லைன் பேமென்ட் கம்பெனி, 2024ல எங்க ஏஐ சாட்பாட் 700 கஸ்டமர் சர்வீஸ் ஆட்களோட வேலையைப் பார்க்குதுன்னு பெருமையா அறிவிச்சாங்க, 2025ல தரம் அடிவாங்குதுன்னு சொல்லி மனுஷங்களைத் திரும்ப எடுக்க ஆரம்பிச்சாங்க. உண்மையான பாதிப்பு புதுசா படிச்சுட்டு வர்றவங்களுக்குத்தான்னு நினைக்கறேன், ஏன்னா இருக்கறவங்களை அனுப்பறதை விட காலியாகற இடத்தை நிரப்பாம விடறது ரொம்ப சுலபம், அது எந்த நியூஸ்லயும் வராது.

கேள்வி: எனக்கு ரேட்டிங் டாப்ல இருந்துச்சு, போன வருஷம் அவார்டு கூட குடுத்தாங்க, அப்படியும் என் பேர் லிஸ்ட்ல வந்துச்சு. என்ன தப்பு பண்ணேன்?

ஒண்ணும் பண்ணலை. பெரிய லேஆஃப்ல மொதல்ல வெட்டறது ப்ராஜெக்டை, ஆளை இல்ல. அந்த ப்ராஜெக்ட்ல யார் யார் இருக்காங்களோ அவங்க கூடவே போறாங்க. அப்புறம் ஒரே வேலையை பல பேர் பார்க்கற இடம், நடுவுல இருக்கற மேனேஜர் அடுக்கு, சம்பளம் ஜாஸ்தியா இருக்கறவங்கன்னு எக்செல் ஷீட்ல ஃபில்டர் போடுவாங்க, வக்கீலுங்க அதைப் பார்த்து வயசு, பாலினம் மாதிரி எந்த ஒரு பிரிவு ஆட்கள் மட்டும் அதிகமா அடிபடாம சரி பண்ணுவாங்க. பல இடங்கள்ல உங்க மேனேஜருக்கே அன்னைக்குக் காலைலதான் தெரியும். அவரைக் கேட்டா "என் கைல இல்ல"ம்பாரு, பெரும்பாலும் அது நிஜம்தான். ரேட்டிங் உங்களைக் காப்பாத்தறது ஒரே டீமுக்குள்ள ரெண்டு பேர்ல ஒருத்தர்னு வர்றப்போ மட்டும்தான்.

கேள்வி: நிஜமாவே மூழ்கற கம்பெனி ஆளைக் குறைச்சு பிழைச்சிருக்கா?

குறைச்சதால மட்டும் பிழைச்ச கம்பெனி எதுவும் எனக்கு ஞாபகத்துக்கு வரலை.

நோக்கியாவை எடுத்துக்கோங்க. 2007ல உலக ஸ்மார்ட்ஃபோன் சந்தைல கிட்டத்தட்ட பாதி அவங்க கைல. ஐஃபோன் வந்தப்போ அவங்க சிம்பியன் சாஃப்ட்வேரை டச் ஸ்கிரீனுக்கு ஒட்டுப்போட்டு ஓட்டப் பார்த்தாங்க, 2011ல அதை விட்டுட்டு மைக்ரோசாஃப்டோட விண்டோஸ் ஃபோனுக்குத் தாவினாங்க, ஆப் எழுதறவங்க அந்தப் பக்கம் வரவே இல்ல. 2014ல ஃபோன் பிசினஸே மைக்ரோசாஃப்ட் கைக்குப் போச்சு, சில மாசத்துலயே 18,000 பேர் லேஆஃப், அதுல சுமார் 12,500 பேர் நோக்கியால இருந்து வந்தவங்க. அடுத்த வருஷம் இன்னும் 7,800 பேர், கூடவே 7.6 பில்லியன் டாலர் நஷ்டம்னு எழுதித் தள்ளிட்டாங்க. வெட்டி வெட்டிப் பார்த்தும் ஃபோன் விக்கலை, ஏன்னா நோய் ஆள் எண்ணிக்கைல இல்லையே.

இன்டெல்லும் அதே ரகம். அடுத்த தலைமுறை சிப் தயாரிப்பு வருஷக்கணக்கா தள்ளிப்போச்சு, அதுக்குள்ள தைவானோட சிப் தயாரிக்கற கம்பெனி டிஎஸ்எம்சி முந்திட்டாங்க. நல்லா சம்பாதிச்ச காலத்துல பல பில்லியனை சொந்த ஷேரைத் திரும்ப வாங்கறதுக்கு செலவு பண்ணினாங்க, அந்தக் காசு ஃபேக்டரிக்கு வேணும்னு வந்தப்போ கைல இல்ல. 2024 ஆகஸ்ட்ல சுமார் 15,000 பேரைக் குறைக்கறோம்னு அறிவிச்சும் அந்த வருஷ நஷ்டம் 18 பில்லியனுக்கு மேல.

ஐபிஎம் மட்டும் கொஞ்சம் வேற கதை. 1992ல கிட்டத்தட்ட 5 பில்லியன் டாலர் நஷ்டம், கெர்ஸ்ட்னர் சிஇஓவா வந்து 1993ல சுமார் 60,000 பேர் குறைப்பு அறிவிச்சாரு, ரொம்பக் கொடுமையான எண்ணிக்கைதான். ஆனா அதோட நிக்கலை, கம்பெனியைத் துண்டு துண்டா பிரிக்கற திட்டத்தை நிறுத்திட்டு, கஸ்டமருக்கு எல்லாத்தையும் சேர்த்து நடத்திக் குடுக்கற சர்வீஸ் பக்கம் திருப்பினாரு. அந்த திருப்பம் இல்லாம ஆளை மட்டும் குறைச்சிருந்தா அவங்களும் நோக்கியா வழிதான்.

கேள்வி: லேஆஃப் வரப்போகுதுன்னு முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

உறுதியா முடியாது, ஆனா வாடை அடிக்கும். வேலையை விட்டுப்போனவங்க இடத்துக்கு ஆள் எடுக்க அனுமதி வராது, கான்ட்ராக்ட் ஆட்கள் சத்தமில்லாம காணாமப் போவாங்க, யார் யார் என்ன வேலை பாக்கறாங்கன்னு திடீர்னு ஒரு ஃபார்ம் நிரப்பச் சொல்லுவாங்க. "யாரும் பயப்பட வேணாம்"னு சிஇஓ மெயில் போட்டா நான் அன்னைக்கே ரெஸ்யூமைத் தூசி தட்டிடுவேன்.

கேள்வி: அனுப்பறப்போ குடுக்கற பேப்பர்ல உடனே கையெழுத்து போடலாமா?

வேணாம். அவங்க அவசரப்படுத்துவாங்க, நீங்க படிச்சுப் பார்த்துட்டுத் தரேன்னு சொல்லுங்க. கேஸ் போட மாட்டேன்னு எழுதி வாங்கறதுக்காகத்தான் பெரும்பாலும் அனுப்பறப்போ குடுக்கற கூடுதல் பணமே. அமெரிக்கால இருந்தா 40 வயசோ அதுக்கு மேலயோ ஆனவங்களுக்கு கூட்டமா அனுப்பற லேஆஃப்ல யோசிக்க 45 நாள் சட்டப்படி உண்டு. ஹெச்-1பி விசால (வெளிநாட்டு ஆட்களுக்கான அமெரிக்க வேலை விசா) இருக்கறவங்களுக்கு வேலை முடிஞ்சதுல இருந்து அங்க தங்கி வேற வேலை தேட அதிகபட்சம் 60 நாள்தான், அதனால கடைசி வேலை நாள்னு எந்த தேதியைப் போட்டிருக்காங்கன்னு மொதல்ல பாருங்க, அதைத் தள்ளிப்போட முடியுமான்னு ஹெச்ஆர் கிட்ட கேளுங்க, கேட்டா சில சமயம் குடுக்கறாங்க.